‘முயற்சி’ என்று எழுதிய பேனா

2018 நவம்பர் 5. மறுநாள் தீபாவளி. தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்லிங்கிப் பகுதியில், விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படித்துவந்த பதினேழு வயதுப் பழங்குடிப் பெண் பண்டிகைக்கு வீடு வந்திருந்தாள். வீட்டில் கழிப்பறை இல்லை. ஒதுங்கப் போன இடத்தில் இரண்டு பேர் அவளைச் சீரழித்தார்கள். ஐந்து நாள் கழித்து, நவம்பர் 10 அன்று, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவள் உயிர் பிரிந்தது.

அந்த இருவரைப் பற்றி எழுத இந்தத் தலையங்கம் வரவில்லை. அவர்களை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது. இடையில் கழிந்த ஐந்து நாளைப் பற்றிக் கேட்கத்தான் ஆளில்லை.

அவள் நடந்ததைப் பெற்றோரிடம் சொன்னாள். அவர்கள் அவளை அழைத்துக்கொண்டு கோட்டப்பட்டி காவல் நிலையத்துக்குப் போனார்கள். ஒரு குடும்பம் செய்ய வேண்டியதை அந்தக் குடும்பம் ஒன்றுவிடாமல் செய்தது. ஊர் என்ன பேசும் என்று மூடி மறைக்கவில்லை, பஞ்சாயத்தில் பேசி முடிக்கவில்லை, பிள்ளையை அடித்துப் பூட்டி வைக்கவில்லை. சட்டத்தை நம்பி வந்தார்கள். அங்கே காகிதத்தில் ஏறிய சொல் ‘முயற்சி’. பாலியல் வன்கொடுமை நடந்தது என்று சொல்லி வந்த பெண்ணுக்கு, வன்கொடுமை செய்ய முயன்றதாக வழக்கு. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்திருக்க வேண்டியவள் காப்பகத்துக்குக் கொண்டுபோகப்பட்டாள். உடம்பு மோசமான பிறகுதான் பெரிய மருத்துவமனை. உயிர் போன பிறகுதான் சரியான பிரிவுகள். உடலை வாங்க மறுத்து மலை மக்கள் சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அதிகாரிகளின் ஓட்டம். காவல் ஆய்வாளருக்கு இடமாற்றம் வந்தது. அத்தோடு அரசு தன் கணக்கை முடித்துக்கொண்டது.

அந்தக் கணக்கை நாங்கள் ஏற்கவில்லை.

‘முயற்சி’ என்பது கைதவறி விழுந்த சொல் அல்ல. அந்த ஒரு சொல் செய்கிற வேலையைப் பாருங்கள். நடந்தது முயற்சிதான் என்றால் உடனே மருத்துவப் பரிசோதனை எதற்கு என்று கேட்கலாம். காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசரம் போய்விடுகிறது. உடலிலும் துணியிலும் இருக்கும் தடயங்கள் மணிக்கு மணி அழிகின்றன. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்தக் கெடுவும் ஓடுகிறது. குற்றவாளிக்குத் தண்டனை குறைகிறது, ஜாமீன் எளிதாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெண்ணிடம் அரசு சொல்லும் முதல் பதில் அது: நீ சொன்னதில் பாதியைத்தான் நாங்கள் நம்புகிறோம்.

அன்று சட்டம் இல்லாமல் போய்விடவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. சிட்லிங்கிப் பெண் இறந்தபோது அதற்கு ஆறு வயது நிறைய நான்கு நாள் பாக்கி. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ எழுத வேண்டும். கூடியமட்டும் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி எழுத வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுத வேண்டும். சிகிச்சையோ பாதுகாப்போ தேவைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனையிலோ இல்லத்திலோ சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதே 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். வழக்கு பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை நடக்கலாம். பெண் பிள்ளை என்றால் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். அவசர சிகிச்சைக்கு வந்த பிள்ளையிடம் காவல் நிலையக் கடிதம் எங்கே என்று எந்த மருத்துவரும் கேட்கக் கூடாது.

நம் நாட்டில் இவ்வளவு நுணுக்கமாக, ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதிய சட்டங்கள் அதிகம் இல்லை. குற்றத்தைப் பதிவு செய்யத் தவறும் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை என்பதும் அதே சட்டத்தின் 21-வது பிரிவில் இருக்கிறது. போதாதென்று, பாலியல் வன்கொடுமைப் புகாரை எழுத மறுக்கும் பொது ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையிலான கடுங்காவலை இந்திய தண்டனைச் சட்டம் 2013-இல் சேர்த்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவும் அதையே சொல்கிறது. இவ்வளவும் இருக்கையில் ‘இடமாற்றம்’ எங்கிருந்து வந்தது? ஓர் ஊரில் பிள்ளையின் புகாரைத் திரித்து எழுதிய கை, அடுத்த ஊரின் பிள்ளைக்கும் எழுதப் போகிறது என்பதைத் தவிர அந்த உத்தரவுக்கு என்ன பொருள்?

காவல் நிலையத்தில் ஒரு சாயங்காலம் எப்படி இருக்கும் என்பது கிராமத்து மனிதர்களுக்குத் தெரியும். வாசலில் பிடிபட்ட இருசக்கர வாகனங்கள் துருப்பிடித்து நிற்கும். உள்ளே நீளப் பெஞ்சு. அப்பா உட்கார மாட்டார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தூணோரம் நிற்பார். பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி பெஞ்சின் ஓரத்தில் இருப்பாள். ரைட்டர் வருவார். “என்னம்மா ஆச்சு, சொல்லு” என்பார். அந்த நேரத்தில் கஞ்சா வழக்கில் பிடித்து வந்த ஒருவன், வரப்புத் தகராறுக்காரர்கள் நான்கு பேர், டீ கொண்டுவந்த பையன் எல்லாரும் அந்தப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் தலையைக் குனிவாள். “பேசும்மா, பேசினாத்தானே எழுத முடியும்” என்று குரல் உயரும். பிறகு அப்பாவைத் தனியே கூப்பிட்டு, “பொண்ணு பேரு கெட்டுடும், நாளைக்குக் கட்டிக்கொடுக்கணுமில்ல, யோசிச்சுக்கோ” என்று அக்கறையாக ஒரு வார்த்தை. எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து நாளைக்கு வரச் சொல்வார்கள். மலையிலிருந்து வந்தவர்களுக்கு அன்றைய கடைசிப் பேருந்தும் போயிருக்கும்.

அந்த “யோசிச்சுக்கோ” என்கிற அக்கறைதான் எங்களுக்கு அதிக அருவருப்பைத் தருகிறது. மிரட்டினால் எதிர்த்து நிற்க நாலு பேர் வருவார்கள். மகள்மீது உள்ள பாசத்தையே பிடித்து முறுக்கினால் அப்பன் என்ன செய்வான்?

இந்த மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. அதே அரூர் வட்டத்தின் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஊருக்குள் இறங்கின. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதுச் சிறுமிகளும் அவர்களில் இருந்தார்கள். செய்தவர்கள் சீருடைக்காரர்கள். கொடுமைக்கு ஆளான பெண்களையே கைது செய்து சேலம் சிறையில் அடைத்தது அரசு. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போக மூன்றாண்டு ஆனது. 269 பேர்மீது குற்றச்சாட்டு. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப் போனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி அமர்வு நீதிமன்றம் மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 17 பேர்மீது வல்லுறவுக் குற்றம் நிரூபணமானது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அந்தத் தண்டனைகளை உறுதி செய்தார். அதற்கு முன் அவர் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர்மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

முப்பத்தோரு ஆண்டு. சிறுமியாக இருந்தவள் நாற்பதைத் தாண்டிய பிறகு அவள் சொன்னது மெய் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதுவரை அவள் கல்யாணம் செய்துகொண்டிருப்பாள், பிள்ளை பெற்றிருப்பாள், நீதிமன்றப் படிக்கட்டுகளில் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருப்பாள். அந்தக் கொடிய நாளில் அவளுக்கு இருந்த வயது இப்போது அவள் மகளுக்கோ பேத்திக்கோ இருக்கும்.

வாச்சாத்திக் கொடுமை நடந்து 26 ஆண்டு கழித்து, அதே வட்டத்தில், கோட்டப்பட்டியில் ‘முயற்சி’ என்று எழுதினார்கள் என்றால், இந்த மாவட்ட நிர்வாகம் வாச்சாத்தியிலிருந்து எதையும் கற்கவில்லை என்று சொல்ல எங்களுக்குத் தயக்கமில்லை.

இது மலைக் கிராமத்துச் சங்கதி, எங்கள் தெருவில் இல்லை என்று நினைக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-இல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரில் கேட்டார்கள். ஏதோ ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 விழுக்காடு. ஐந்தில் ஒரு பிள்ளை கடுமையான துன்புறுத்தலைச் சொன்னது. துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பையன்களும் பெண் பிள்ளைகளுக்குச் சமமாகவே பாதிக்கப்பட்டிருந்தார்கள்; ‘ஆம்பளப் பையனுக்கு என்ன ஆயிடும்’ என்கிற நம் வீட்டுப் பேச்சுக்கு அது பதில். அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அதனால் நம் பிள்ளைகள் தப்பித்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை.

உலக அளவிலும் இதே கதை. இன்று உயிரோடு இருக்கும் பெண்களில் 37 கோடிக்கும் அதிகமானோர், அதாவது எட்டில் ஒருவர், பதினெட்டு வயதுக்குள் வல்லுறவுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர்கள் என்று 2024-இல் யுனிசெஃப் கணக்கிட்டது. இந்தியாவில் 2021-இல் போக்சோ சட்டத்தில் பதிவான வழக்குகள் 53,874 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பதிவான வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்தவன்: பக்கத்து வீட்டுக்காரன், மாமன் முறை, டியூஷன் வாத்தியார், பெற்ற தகப்பன். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமைச்சகத்தின் ஆய்வில் இரண்டில் ஒரு பிள்ளை. இவ்வளவு பெரிய நாட்டின் காவல் நிலையங்களில் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துச் சொச்சம். இடைவெளியில் மறைந்திருப்பது பிள்ளைகளின் மௌனம்.

அந்த மௌனமும் முழு மௌனம் அல்ல. பிள்ளைகள் சொல்லத்தான் செய்கிறார்கள். நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கூலி வேலைக்குப் போன பெற்றோர் பாட்டியிடம் விட்டுச் சென்ற நாலாம் வகுப்புப் பிள்ளை, வாரம் இரண்டு நாள் வயிற்றுவலி என்று வகுப்பில் சுருண்டு படுக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். விட்டுப் போயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வருகிறது, பாட்டி வைகிறாள். ‘சித்தப்பா வீட்டுக்குப் போகல’ என்று பிடிவாதம். கொழுப்பு என்று அடி விழுகிறது. வயதுக்கு வந்த பெண் திடீரென்று விறைத்துப் போய் ஒரே இடத்தை வெறித்தால், காத்துக் கறுப்பு அடித்துவிட்டது என்று மந்திரித்துக் கையில் தாயத்துக் கட்டுகிறார்கள். தாயத்துக் கட்டிய கையை யார் பிடித்து இழுத்தது என்று கேட்பாரில்லை. படிப்பு இறங்கும். ‘படிப்பு ஏறல’ என்று பதினாறில் கல்யாணம். சிறுவர் திருமணத்துக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் போட ஊரே வரும்.

இதன் பிறகு அந்த உடம்பு என்ன ஆகிறது? அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980-களில் உடல் பருமனைக் குறைக்கும் மருத்துவப் பிரிவை நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துவந்தவர்களே பாதியில் விலகிக்கொண்டிருந்தார்கள். காரணம் தேடிக் கேள்வித்தாளோடு உட்கார்ந்தவர், ஒரு பெண்ணிடம் ‘முதல் உடலுறவின்போது உங்கள் வயது என்ன’ என்று கேட்க வந்து, தவறிப் போய் ‘அப்போது உங்கள் எடை என்ன’ என்று கேட்டுவிட்டார். ‘நாற்பது பவுண்டு’ என்றாள் அவள். பதினெட்டு கிலோ. நான்கு வயதுப் பிள்ளையின் எடை. தொடர்ந்து மற்றவர்களிடமும் கேட்டபோது, அந்தக் கூட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம் என்று தெரிந்தது. யாரும் தன்னைப் பார்க்காமல் இருக்க அந்தப் பெண்கள் உடம்பையே சுவராக எழுப்பியிருந்தார்கள்.

அதிலிருந்து பிறந்ததுதான் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 17,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி, 1998 முதல் வெளிவந்த ஆய்வு. வேலையும் மருத்துவக் காப்பீடும் உள்ள நடுத்தர வர்க்கத்தினரிடமே ஐந்தில் ஒருவர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார். சிறு வயதுக் கொடுமைகள் ஏற ஏற, வளர்ந்த பிறகு மனச்சோர்வும் குடியும் தற்கொலை முயற்சியும் பல மடங்கு ஏறின. இதயநோயும் ஈரல் நோயும்கூட ஏறின. நாற்பது வயதில் காரணம் தெரியாத இடுப்புவலியோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இது தெரியாது.

ஆனால் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட இன்னொன்று உண்டு. இந்தத் தலையங்கத்தை நாங்கள் எழுதுவதே அதற்காகத்தான். பாதிக்கப்பட்ட எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி உடைந்து போவதில்லை. யாரிடம் முதலில் வாய் திறந்தார்களோ அவர் நம்பினாரா, கட்டிப்பிடித்தாரா, ‘உன்மேல தப்பில்ல கண்ணு’ என்று சொன்னாரா என்பதைப் பொறுத்து மீண்டு வருவது பெருமளவு மாறுகிறது. நம்பப்பட்ட பிள்ளை மெல்ல எழுந்துவிடுகிறது. நம்பாமல் விடப்பட்ட பிள்ளை இரண்டாம் முறை காயப்படுகிறது. இரண்டாவது காயம் பல நேரம் முதலாவதைவிட ஆழம். அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-இலேயே இதை எழுதிவைத்தார்: பிள்ளை தாமதமாகச் சொல்லும், தயங்கித் தயங்கிச் சொல்லும், சுற்றியிருப்பவர்கள் நம்பவில்லை என்றால் சொன்னதையே ‘பொய்’ என்று திரும்ப வாங்கிக்கொள்ளும். நம் காவல் நிலையங்களில் ‘பொண்ணு மாத்தி மாத்திப் பேசுது சார்’ என்று சொல்லி வழக்கை மூடுவது எதை வைத்து? காயத்தின் அடையாளத்தையே பொய்யின் அடையாளமாக எழுதுகிறார்கள்.

ஆகவே ‘முயற்சி’ என்று எழுதிய அந்தக் கை வெறும் நிர்வாகத் தவறு செய்த கை அல்ல. பிழைத்திருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்நாள் முழுக்கத் துரத்தியிருக்கக் கூடிய இரண்டாவது காயத்தை அது உண்டாக்கியது.

காவல்துறையை மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களைத் தப்ப விடவும் நாங்கள் தயாரில்லை. 2004 வரை தர்மபுரியோடு இருந்த கிருஷ்ணகிரியில், 2024 ஆகஸ்டில், பள்ளிக்குள் போலி என்.சி.சி. முகாம் நடத்தி, பதின்மூன்று வயது மாணவிக்குக் கொடுமை இழைத்தார்கள். தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். 2021-இல் கோவையில் ஒரு பிளஸ் டூ மாணவி உயிரை மாய்த்துக்கொண்டபோது, ஆசிரியரோடு பள்ளி முதல்வரும் கைதானார். புகார் தெரிந்தும் சும்மா இருந்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. குற்றம் தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம், நிறுவனத்தை நடத்துபவர் என்றால் ஓராண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் தலைமை ஆசிரியர் அறையில் முதலில் எழும் கவலை பள்ளியின் பெயரைப் பற்றித்தான். கரும்பலகையில் 1098, 14417 என்ற உதவி எண்களை எழுதிவைத்துவிட்டு, அந்த எண்ணைச் சுழற்றிய பிள்ளையை ‘வீட்டு விஷயத்தை வெளிய சொல்றியா’ என்று கேட்கும் பள்ளிகள் இருந்தால், அந்த எண்களை அழித்துவிடுவதே நேர்மை.

காவல்துறையில் இன்னொரு சொல்லும் புழங்குகிறது: ‘லவ் கேஸ்’. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஓடிப்போகும் வழக்குகள் போக்சோவில் வருவது உண்மை. சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பற்றிக் கவலை தெரிவித்தது; 2022 டிசம்பரில் காவல்துறைத் தலைமை இயக்குநர் அவசரக் கைது வேண்டாம் என்று சுற்றறிக்கையும் அனுப்பினார். அந்த நிதானம் தேவைதான். அதை அளவுகோலாக வைத்து, வந்த புகாரையெல்லாம் முதலில் ‘லவ் கேஸா’ என்று சந்தேகக் கண்ணால் பார்ப்பது நிதானம் ஆகாது. எது காதல், எது கொடுமை என்பதை வாசலில் நிற்கும் காவலர் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

தமிழ்நாடு அரசுக்கும், தர்மபுரி மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் சொல்கிறோம். 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிச் சட்டப்பேரவை சட்டத்திருத்தம் செய்தது. 2019-லேயே போக்சோவில் மரண தண்டனை வந்துவிட்டது. தண்டனையை எவ்வளவு கூட்டினாலும், முதல் பக்கத்தில் ‘முயற்சி’ என்று எழுதினால் அந்தத் தண்டனை எதற்கும் ஆகாது. கடைசிப் பக்கத்தைத் திருத்தியது போதும். முதல் பக்கத்தைத் திருத்துங்கள்.

புகாரை எழுத மறுத்தவர்மீதும் திரித்து எழுதியவர்மீதும் 199-வது பிரிவிலும் போக்சோ 21-லும் வழக்கு பதியுங்கள். இடமாற்றத்தையும் ஆயுதப்படைக்கு அனுப்புவதையும் நடவடிக்கை என்று எங்களிடம் காட்டாதீர்கள். எந்த நேரத்தில் எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் மருத்துவமனை, பிறகுதான் காகிதம் என்று நிலைய ஆணையாகவே போடுங்கள். சிட்லிங்கியிலிருந்து அரூர் வந்து, அங்கிருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டர் போனால்தான் தர்மபுரி மருத்துவக் கல்லூரி. இரவில் அந்தத் தூரத்தை அரசு வாகனத்தில், பெண் காவலர் துணையோடு, பிள்ளை கடக்க வேண்டும். அப்பாவின் சட்டைப்பை காசில் அல்ல. அரூர் அரசு மருத்துவமனையில் இரவு பகல் எந்நேரமும் பெண் மருத்துவரும் தடய சேகரிப்புப் பெட்டியும் இருக்க வேண்டும்.

நிலையத்தில் ஒரு முறை, மருத்துவரிடம் ஒரு முறை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு முறை, நலக் குழுவிடம் ஒரு முறை, நீதிமன்றத்தில் ஒரு முறை என்று பிள்ளையின் வாயைத் திரும்பத் திரும்பக் கிளறுவதை நிறுத்துங்கள். ஒளி-ஒலிப் பதிவுக்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது. வழக்கு முடியும்வரை பிள்ளையோடு கூடவே இருக்கும் துணைநபரை ஒவ்வொரு வழக்கிலும் நியமியுங்கள். மலைக் கிராமங்களுக்கு அந்தப் பேச்சு தெரிந்த பெண்ணை நியமியுங்கள். உணவுக்கும் பயணத்துக்கும் உடனடித் தொகை வேண்டும் என்று நலக் குழு பரிந்துரைத்தால், ஒரு வாரத்தில் கொடுத்தாக வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் விதிகள். கூலியை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு அலையும் எத்தனை குடும்பங்களின் கையில் அந்தப் பணம் ஒரு வாரத்தில் சேர்ந்தது என்று மாவட்ட நிர்வாகம் கணக்குக் காட்டட்டும். விசாரணையை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்த மாவட்டத்தில் ஓராண்டைத் தாண்டிய வழக்குகள் எத்தனை என்பதையும் பெயர்களை மறைத்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

தீர்ப்போடு பிள்ளையின் கணக்கை முடித்துவிடாதீர்கள். முப்பது வருடம் கழித்தும் வலிக்கும் காயத்துக்கு மூன்று முறை ஆலோசனை போதாது. வட்டாரத்துக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் வேண்டும். பழங்குடியினர் விடுதிகளில் பிள்ளைகள் பயமில்லாமல் பேசக் கூடிய ஆள் ஒருவர் வேண்டும். வீட்டில் கழிப்பறை இல்லாத பிள்ளை இனி ஒருத்திகூட இந்த மலையில் இருக்கக் கூடாது. இதைக் கோரிக்கையாக எழுத வேண்டியிருப்பதே வெட்கம்.

வாச்சாத்தித் தீர்ப்பில் நீதிபதி உத்தரவிட்ட ஒவ்வொரு வரியும், அன்றைய அதிகாரிகள்மீதான நடவடிக்கை உட்பட, எந்த அளவுக்கு நிறைவேறியது என்று அரசு சட்டப்பேரவையில் வெள்ளை அறிக்கை வைக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கோட்டப்பட்டி நிலையத்தில் 2018-இல் எழுதிய அந்த முதல் தகவல் அறிக்கையை எடுங்கள். அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் குடும்பத்தையும் முழுக்க மறைத்து ஒரு நகல் போடுங்கள். இந்த மாவட்டத்தில் பொறுப்பேற்கும் ஒவ்வொரு ஆய்வாளரிடமும், ஒவ்வொரு ரைட்டரிடமும், முதல் நாளே அதைக் கொடுங்கள். ‘முயற்சி’ என்ற சொல்லை அவர்கள் தங்கள் கையாலேயே அடித்து, அந்த இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.